நானூறு கெஜத் தூரத்தில் நின்றுபோன தரவு

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய குன்றின்மேல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1986-இல் இரண்டு இடத்துக் கணினிகளும் இணையம் வழியே தரவு பரிமாறிக்கொண்டிருந்தன. இடைத்தூரம் நானூறு கெஜம். பாதையில் இடைநிலைக் கணினிகளுக்கிடையே இரண்டே தாவல்கள். அந்த ஆண்டு அக்டோபரில், வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்தப் பாதையின் வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. ஓர் ஆங்கில எழுத்துக்கு 8 பிட் என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு ஐந்து எழுத்து. நாலு பக்கக் கடிதத்தை ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தால் அது முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கும்.

கேபிள் எதுவும் அறுபடவில்லை. இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. ஒவ்வொரு கணினியும் தனக்கு விதித்தபடியே நடந்துகொண்டது. அப்படி நடந்துகொண்டதால்தான் மொத்தமும் முடங்கியது. ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக் கேரல்ஸும் காரணத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். 1988-இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, கணினி வலையமைப்புத் துறையில் மிக அதிகமாகப் படிக்கப்படும் கட்டுரைகளில் ஒன்று.

வலையமைப்பின் அடிப்படை என்ன என்று கேட்டால் இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. நம் பாடப்புத்தகங்கள் தொடங்கும் இடம் வேறு. அனுப்புநர், பெறுநர், செய்தி, ஊடகம், நெறிமுறை என்று ஐந்து கூறுகளைச் சொல்லிவிட்டு, பஸ், ஸ்டார், ரிங் என்று படம் போடுவார்கள். அவற்றில் தவறில்லை. ஆனால் பலருக்கும் பொதுவான ஒரு பாதையை, மேலிருந்து கட்டுப்படுத்துவார் இல்லாமல், எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்ற முதன்மையான சிக்கலை அந்தப் படங்கள் தொடுவதே இல்லை.

பழைய தொலைபேசி முறையில் இந்தச் சிக்கல் எழ வாய்ப்பில்லை. ஒருவரை அழைத்தால், உங்கள் கருவியிலிருந்து அவர் கருவி வரை ஒரு தடம் உங்களுக்கென்றே ஒதுக்கப்படும். டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். தடம் காலியானால்தான் இணைப்பு. கிடைத்தபின் நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் தடம் உங்களுடையது, கட்டணமும் ஓடும். எண்ணியல் முறை வந்தபோது குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் குறித்தார்கள். ஆக, பேச்சின் ஒரு திசைக்கு வினாடிக்கு 64,000 பிட். பேசினாலும் பேசாவிட்டாலும் அவ்வளவும் ஒதுக்கீடுதான்.

மனிதர் பேச்சுக்கு இது ஒத்துவரும். கணினி அப்படிப் பேசுவதில்லை. ஒரு பக்கத்தைக் கேட்கும். தரவு மொத்தமாக வந்து கொட்டும். அதைப் படிப்பவர் இரண்டு நிமிடம் படிப்பார். அதுவரை தடம் சும்மா கிடக்கும். இப்படித் துள்ளித் துள்ளி வரும் தரவுக்குத் தனித் தடம் ஒதுக்குவது வீண்.

இந்த வீணைத் தவிர்க்கும் வழியை இருவர் தனித்தனியே கண்டார்கள். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பாரன், குண்டுவீச்சில் பாதி அழிந்தாலும் மீதி இயங்கும் செய்தித் தொடர்பு வேண்டும் என்று 1960-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். செய்தியை 1,024 பிட் துண்டுகளாக வெட்டு, ஒவ்வொரு துண்டும் திறந்திருக்கும் வழியில் போகட்டும் என்றார். 1964-இல் பல தொகுதிகளாக வந்த அந்த அறிக்கையை அந்நாட்டுத் தொலைபேசியைக் கையில் வைத்திருந்த ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் ஏற்கவில்லை. 1965-இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் டேவிஸ் அதே முடிவுக்கு வந்தார். அவருக்குக் குண்டுக் கவலை இல்லை. ஒரு கணினியைப் பலர் தொலைவிலிருந்து பகிர்ந்துகொள்வது மலிவாக வேண்டும், அவ்வளவுதான். இணையமே அணு ஆயுதப் போருக்காகக் கட்டப்பட்டது என்ற கதை இன்னும் உலவுகிறது. பாரனின் ஆய்வுக்கு அது பொருந்தும். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டுக்குப் பொருந்தாது. அது ஆய்வு நிறுவனங்களின் கணினிகளைப் பகிர்ந்துகொள்ள அமைத்தது. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு ‘லாகின்’ என்று தட்டத் தொடங்கினார்கள். எல், ஓ என்ற இரண்டு எழுத்து போனதும் மறுமுனைக் கணினி படுத்துவிட்டது. அர்பாநெட்டில் போன முதல் செய்தி அதுதான்.

வெட்டிய துண்டைப் பொட்டலம் என்கிறோம். இன்று கம்பியில் ஓடும் ஒன்றைப் பிடித்துப் பிரித்துப் பார்க்கலாம். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட். அதில் முதல் 20 பைட் ஐ.பி. தலைப்பு: அனுப்பியவரின் 32 பிட் முகவரி, பெறுபவரின் 32 பிட் முகவரி, மொத்த நீளம், தலைப்பு வழியில் சிதைந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண், பிறகு ஓர் ஆயுள் எண். லினக்ஸ் கணினி வழக்கமாக ஆயுளை 64 என்று எழுதி அனுப்பும். வழியில் பொட்டலத்தைக் கைமாற்றிவிடும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொட்டலத்தை எறிந்துவிடும். வழிப்பட்டியலில் எங்காவது பிழை நேர்ந்து, இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று கைகாட்டத் தொடங்கினாலும் பொட்டலம் காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்காது. பிழை நேரும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு, அதன் சேதத்துக்கு ஒரு வரம்பு கட்டும் இந்தச் சிறு எண்ணில் இணையத்தின் குணம் முழுவதும் தெரிகிறது. அடுத்த 20 பைட் டி.சி.பி. தலைப்பு; அதன் வேலை பின்னால் வரும். எஞ்சிய 1,460 பைட்டில்தான் உங்கள் தரவு. 30 லட்சம் பைட் கொண்ட ஒரு புகைப்படம் இப்படி 2,055 பொட்டலமாகப் போகும்.

ரவுட்டரின் வேலை சொல்ல எளியது. பொட்டலம் வந்தால் முகவரியைப் பார்க்கும். எந்தக் கம்பியில் அனுப்ப வேண்டும் என்று பட்டியலில் தேடும். அந்தக் கம்பி ஓய்வாக இருந்தால் உடனே அனுப்பும், இல்லையென்றால் நினைவகத்தில் வரிசையில் வைக்கும். வரிசை நிரம்பிவிட்டால் அடுத்து வருவதைக் கீழே போட்டுவிடும். அனுப்பியவரிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. போய்ச்சேரும் என்று உறுதி கிடையாது, வரிசைப்படி சேரும் என்றும் கிடையாது. தொலைபேசிப் பொறியாளர்களுக்கு இது பொறுப்பற்ற வேலையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அர்பாநெட்டேகூடத் தொடக்கத்தில் இவ்வளவு துணியவில்லை. அதன் இடைநிலைக் கணினிகள் பொட்டலங்களைப் பத்திரமாகச் சேர்க்கும் பொறுப்பைத் தாங்களே ஏற்றன. அந்தப் பொறுப்பை வலையமைப்பிடமிருந்து பிடுங்கி முனைக் கணினிகளின் தலையில் கட்டியது பிரான்சில் லூயி பூசான் 1970-களில் அமைத்த சைக்ளேட்ஸ் வலையமைப்பு. வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரை அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு வகை வலையமைப்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் திட்டமாக விரித்தது. 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுவதும் டி.சி.பி./ஐ.பி. என்று பெயர்பெற்ற அந்த முறைக்கு மாறியது.

பொறுப்பை ஏன் முனைகளில் வைக்க வேண்டும்? இதற்கு சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் ஒரு கட்டுரையில் சொல்லும் சான்று சுவையானது. எம்.ஐ.டி.யில் பல உள்ளூர் வலையமைப்புகளை இணைத்த கணினிகள் இருந்தன. ஒவ்வொரு கம்பியிலும் தரவு சிதையாமல் வருகிறதா என்ற சோதனை உண்டு. அதை நம்பிக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இணைப்புக் கணினி ஒன்றில், உள்ளே நகலெடுக்கும்போது ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை இரண்டு பைட் இடம்மாறிக்கொண்டிருந்தது. கம்பியில் பிழை இல்லை; ஆகவே எந்தச் சோதனையும் அதைப் பிடிக்கவில்லை. அதன் வழியே திரும்பத் திரும்பப் போய்வந்த நிரல்கோப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போயின. பழைய அச்சுப்படிகளை வைத்துக்கொண்டு கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. வழிநெடுகச் சோதித்தாலும் கடைசிச் சோதனையைப் பெறுபவர்தான் செய்ய வேண்டும்; அதை அவர் எப்படியும் செய்யத்தான் போகிறார் என்றால் வழியில் இருப்பவை எளிமையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர்கள் வாதம்.

முனையில் அந்தப் பொறுப்பைச் சுமப்பது டி.சி.பி. அது ஒவ்வொரு பைட்டுக்கும் எண் இடுகிறது. பெறுபவர், இந்த எண் வரை வந்துவிட்டது என்று ஒப்புகை அனுப்புவார். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் அனுப்பியவர் அதே பொட்டலத்தை மறுபடி அனுப்புவார். முன்பின்னாக வந்தவற்றை எண்ணைப் பார்த்துப் பெறுபவர் அடுக்கிக்கொள்வார். பொட்டலத்துக்கு ஒருமுறை ஒப்புகைக்காக நின்றால் வேலை ஆகாது. அதனால் ஒப்புகை வராமலே இவ்வளவு பைட் வரை அனுப்பலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதன் பெயர் சாளரம்.

இந்தச் சாளரம் என்ன செய்யும் என்பதைச் சென்னையை வைத்தே கணக்கிடலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இல் கடலடியில் போட்ட ஐ-டு-ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். போக 16 மில்லிவினாடி, ஒப்புகை வர 16, மொத்தம் 32. டி.சி.பி. தலைப்பில் சாளரத்துக்கு முதலில் ஒதுக்கிய இடம் 16 பிட். அதில் எழுதக்கூடிய உச்ச எண் 65,535. ஆக 32 மில்லிவினாடிக்கு ஒருமுறை 65,535 பைட். அதாவது வினாடிக்குச் சுமார் 1.6 கோடி பிட். கேபிளின் கொள்ளளவு அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்காக இருந்தாலும் ஓர் இணைப்புக்கு இதற்குமேல் கிடைக்காது. 1992-இல் சாளரத்தைப் பெருக்கிக் காட்டும் ஓர் ஏற்பாட்டைச் சேர்த்துத்தான் இதைச் சமாளித்தார்கள். ஒளியின் வேகத்துக்கு அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை. எத்தனை ஆயிரம் கோடி செலவழித்தாலும் அந்த 32 மில்லிவினாடி குறையாது. நம்மூர் பிராட்பேண்ட் விளம்பரங்கள் கொள்ளளவை மட்டும் வேகம் என்று விற்கின்றன. தாமதத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இனி பெர்க்லிக்கு வருவோம். அங்கே சாளரம் பெறுபவரின் வசதியைப் பார்த்து வைத்தது. வழியில் உள்ள ரவுட்டரின் வசதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இணைப்பு கிடைத்ததும் கணினி சாளரம் நிறையப் பொட்டலங்களை ஒரே மூச்சில் கொட்டும். உள்ளூர் ஈதர்நெட் அவற்றை வினாடிக்கு 1 கோடி பிட் வேகத்தில் ரவுட்டரிடம் தள்ளும். அப்பால் காத்திருப்பதோ வினாடிக்குச் சில பத்தாயிரம் பிட் மட்டுமே போகும் கம்பி. வரிசை நீளும், ஒப்புகை தாமதமாகும். அனுப்பிய கணினி எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதைச் சராசரிப் பயண நேரத்தை இரண்டால் பெருக்கிக் கணித்துவந்தது. நெரிசலில் பயண நேரம் அதைவிட வெகுவாக ஏறி இறங்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே இன்னும் வரிசையில் உயிரோடு நிற்கும் பொட்டலத்தைத் தொலைந்ததாக நினைத்து அதன் நகலை அனுப்பும். நகல் வரிசையை இன்னும் நீட்டும். தாமதம் கூடும், இன்னும் நகல்கள் கிளம்பும். கடைசியில் கம்பி முழுவதும் நகல்கள்.

ஜேக்கப்சன் தம் கட்டுரையில் இதைச் சோதித்துக் காட்டிய வரைபடம் ஒன்று உண்டு. அந்தச் சோதனையில் பாதையின் கொள்ளளவில் 35 விழுக்காடுதான் உருப்படியாகப் பயன்பட்டது. ஏறத்தாழ எல்லாத் தரவும் ஒருமுறையாவது மறுபடி போயிருந்தது. 54-ஆவது கிலோபைட்டிலிருந்து 58 வரையிலான பகுதி ஐந்து முறை போயிருந்தது. இப்படி ஒரு முடக்கம் வரக்கூடும் என்று ஜான் நேகிள் 1984 ஜனவரியிலேயே எழுதி எச்சரித்திருந்தார். அப்போது வலையமைப்பில் சுமை குறைவு. எச்சரிக்கை ஏட்டில் கிடந்தது.

தீர்வு என்றதும் ரவுட்டர்களை மாற்றுவார்கள், கம்பியைப் பெரிதாக்குவார்கள் என்று தோன்றும். ஜேக்கப்சன் இரண்டையும் தொடவில்லை. முனைக் கணினிகளில் இருந்த டி.சி.பி. நிரலில் சில மாற்றங்கள் செய்தார். முதலாவது, பொறுக்கும் நேரத்தைக் கணக்கிடும்போது சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக்கொள்வது. இரண்டாவது, எடுத்த எடுப்பில் சாளரத்தைக் கொட்டாமல் ஒரு பொட்டலம் அனுப்பிப் பார்ப்பது. ஒப்புகை வந்தால் 2, பிறகு 4, பிறகு 8. மூன்றாவதுதான் முக்கியம். பொட்டலம் தொலைந்தால் அதைப் பாதை நிரம்பிவிட்டதன் அறிகுறியாகக் கொண்டு வேகத்தைப் பாதியாக்குவது. பிறகு சுற்றுக்கு ஒரு பொட்டலம் வீதம் மெல்ல ஏறுவது. கம்பிவழி வலையமைப்புகளில் பொட்டலம் தற்செயலாகச் சிதைந்து தொலைவது நூற்றில் ஒன்றைவிட மிகக் குறைவு. தொலைந்தால் பெரும்பாலும் நெரிசலே காரணம் என்ற கணிப்பின் மேல் இது நிற்கிறது. ரவுட்டர் பொட்டலத்தைக் கீழே போடுவது முன்பு வெறும் இழப்பாக இருந்தது. இப்போது அதுவே தகவலாயிற்று.

ஏறும்போது கூட்டல், இறங்கும்போது வகுத்தல் என்பது ஏன்? இரண்டுமே கூட்டல் கழித்தலாக இருந்தால் என்ன? 1989-இல் டா மிங் சியூ, ராஜ் ஜெயின் இருவரும் இதற்குக் கணித விடை தந்தார்கள். கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு பாதையின் கொள்ளளவு 100. அதில் ஒரு கணினி 80-ஐ எடுத்துக்கொண்டது, பிறகு வந்தது 20-ஓடு நிற்கிறது. பாதை நிரம்பியதும் இரண்டும் பாதியாகின்றன: 40, 10. பிறகு இரண்டும் ஒரே வீதத்தில் ஏறுகின்றன. மறுபடி நிரம்பும்போது ஒவ்வொன்றும் 25 கூடி 65, 35. மீண்டும் பாதி, மீண்டும் ஏற்றம்: 57.5, 42.5. அடுத்தது 53.75, 46.25. ஆரம்பத்தில் 60 ஆக இருந்த வித்தியாசம் 30, 15, 7.5 என்று கரைகிறது. ஒன்றையொன்று அறியாத, பேசிக்கொள்ளாத இரண்டு கணினிகள் சமபங்கை நோக்கி நகர்கின்றன. கழித்தல் முறையில் இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம் அப்படியே 60-ஆக நின்றிருக்கும். முன்னால் வந்தவர் முன்னாலேயே இருப்பார்.

பாடத்திட்டத்தில் இந்தக் கணக்குக்குக் கிடைக்கும் இடம் அரைப்பக்கம் என்றால், ஓ.எஸ்.ஐ. ஏழு அடுக்குக்குக் கிடைப்பது ஓர் அத்தியாயம். பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு 1984-இல் வெளியிட்ட அந்த ஏழடுக்கு மாதிரி, சிக்கலைக் கூறுபோட்டுப் பார்க்க உதவும். கம்பியின் வேலை வேறு, முகவரியின் வேலை வேறு என்று மாணவருக்குப் புரியவைக்கும். ஆனால் இயங்குகிற இணையம் அந்த ஏழு அடுக்கின்படி கட்டியதல்ல. ஐந்தாவது, ஆறாவது அடுக்குகளைத் தனியாகப் பிரித்துக் காட்டச் சொன்னால் பொறியாளரே திணறுவார். அதை மனப்பாடம் செய்யச் சொல்லித் தேர்வு வைப்பதைவிட, மேலே கண்ட 80, 20 கணக்கைப் போடச் சொல்லலாம்.

1988-இன் தீர்வில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. அது சமபங்கு தருவது இணைப்புக்கு, ஆளுக்கு அல்ல. ஒரே கோப்பை எட்டு இணைப்பாகப் பிரித்து இறக்கும் மென்பொருளுக்கு எட்டுப் பங்கு கிடைக்கும். கம்பியில்லாத் தொடர்பில் இரைச்சலால் பொட்டலம் சிதைவது சாதாரணம். அதையும் நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைத்தால் வீண் இழப்பு. வைஃபையும் கைப்பேசிக் கோபுரங்களும் அதனால்தான் சிதைந்ததைத் தங்களுக்குள்ளேயே மறுபடி அனுப்பிச் சரிசெய்துகொள்கின்றன. முனைகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற கொள்கை இங்கே கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம்விடப் பெரிய கோளாறு நினைவகம் மலிவானதால் வந்தது. பொட்டலம் தொலைவது கெட்டது என்று நினைத்த தயாரிப்பாளர்கள் மோடத்திலும் ரவுட்டரிலும் வரிசைக்கான இடத்தைத் தாராளமாக வைத்தார்கள். மேலேற்றும் வேகம் வினாடிக்கு 10 லட்சம் பிட் உள்ள ஒரு வீட்டு இணைப்பில் 256 கிலோபைட் வரிசை இருந்தால், அது நிரம்பும்போது கடைசியில் நிற்கும் பொட்டலம் இரண்டு வினாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். வரிசை நிரம்பும் வரை எதுவும் தொலையாது. எதுவும் தொலையாததால் டி.சி.பி. வேகத்தைக் குறைக்காது. வீட்டில் ஒருவர் வீடியோ ஒன்றை மேலேற்றினால், பக்கத்து அறையில் நடக்கும் இணையவழி வகுப்பில் ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து வருவது இதனால்தான். 2010-ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்து உலகத்துக்கு உரக்கச் சொன்னார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேக்கப்சனும், பொட்டலம் வரிசையில் நிற்கும் நேரத்தை அளந்து, அது தொடர்ந்து நீண்டால் முன்கூட்டியே கீழே போடும் ஒரு முறையை வெளியிட்டார்கள்.

2016-இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட பி.பி.ஆர். முறை, தொலைவதற்காகக் காத்திராமல் பாதையின் கொள்ளளவையும் குறைந்தபட்சப் பயண நேரத்தையும் நேரடியாக அளந்து வேகத்தை வைக்கிறது. ஜேக்கப்சன் அதிலும் ஒருவர். நல்ல முறைதான், ஆனால் அதன் முதல் வடிவம், பழைய முறையில் ஓடும் இணைப்புகளோடு ஒரே பாதையில் சேரும்போது தன் பங்கைவிட அதிகம் எடுத்துக்கொள்வதைப் பல ஆய்வுகள் காட்டின. ஒரு பெரிய நிறுவனம் தன் சர்வர்களில் எந்த முறையை ஓட்டுகிறது என்பது உங்கள் வீட்டு இணைப்பின் வேகத்தைத் தீர்மானிக்கலாம். பங்கைவிட அதிகம் எடுப்பவரைத் தடுக்க இணையம் முழுமைக்கும் பொதுவான காவல் எதுவும் இன்றுவரை இல்லை.

உங்கள் வீட்டு இணைப்பை நீங்களே சோதிக்கலாம். கணினியில் பிங் கட்டளையைக் கொடுத்துத் தாமதம் எத்தனை மில்லிவினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெரிய கோப்பை மேலேற்றியபடியே மறுபடி பாருங்கள். 20 ஆக இருந்தது 30, 40 ஆனால் கவலையில்லை. 500-ஐத் தாண்டினால் கோளாறு வரிசையில் இருக்கிறது. ரவுட்டர் அமைப்பில், வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்.க்யூ.எம். என்ற வசதி இருக்கிறதா என்று தேடி, மேலேற்றும் வேகத்தை உண்மையில் கிடைப்பதைவிடச் சற்றே குறைத்துப் போட்டு அதை இயக்குங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டரை மாற்றுங்கள். கூடுதல் மெகாபிட் திட்டத்துக்கு மாறுவதை அப்புறம் யோசிக்கலாம்.